பெயரும் எல்லையும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவி ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் வந்தது. உறையின் மேல் அவள் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே இருந்தன. அத்தோட்டத்தின் மேற்பிரிவில் ஒருத்தி, கீழ்ப்பிரிவில் ஒருத்தி என அப்பெயருடையோர் இருவர். கடிதம் கீழ்ப்பிரிவுக்குச் சென்றது. உரியவள் கைக்கு வந்தபோது நாள் கடந்துவிட்டது. அவ்வாய்ப்பு மீண்டும் வரவில்லை. மலைநாட்டு லயன்களில் வாழ்வோர் நெடுங்காலம் தனி முகவரியின்றித் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே கடிதம் பெற்றதை நேயர்கள் அறிவீர்கள்.

இதே இடர் கணினி மொழிகளிலும் உண்டு. அங்கே அதற்குப் பரிகாரமும் கண்டிருக்கிறார்கள். அதனையே இன்று கூற விழைகிறேன்.

மேற்பிரிவிலே நின்று, "கணக்கப்பிள்ளையைக் கூப்பிடு" என்றால், வருபவர் மேற்பிரிவுக் கணக்கப்பிள்ளையே. "பெரிய துரை" என்றாலோ, பிரிவுக்குள் அப்படி ஒருவர் இல்லை. ஆகவே தோட்டம் முழுவதற்கும் உரிய துரையைத் தேடிச் செல்கிறோம். கணினியும் இவ்வாறே பெயரை முதலில் உள்ளே தேடும். இல்லையேல் வெளியே தேடும். ஒரு பெயர் செல்லுபடியாகும் பரப்பே அதன் எல்லை. உள்ளிருக்கும் பெயர், வெளியே இருக்கும் அதே பெயரை மறைத்துவிடும்.

மேற்பிரிவில் நின்றுகொண்டே கீழ்ப்பிரிவுக் கணக்கப்பிள்ளையை அழைக்க வேண்டுமானால் என் செய்வோம்? பிரிவின் பெயரை முன்னே சேர்த்துச் சொல்வோம். சீ பிளஸ் பிளஸ் மொழியில் இவ்வாறு சேர்க்கும் குறி, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு முக்காற்புள்ளிகள். இடப்பக்கம் வகுப்பின் பெயர். வலப்பக்கம் அதனுள் அடங்கிய பெயர். இடப்பக்கத்தை வெறுமையாக விட்டால், எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள பொதுப் பெயரைக் குறிக்கும். பெல் ஆய்வுகூடத்தில் பியார்னே ஸ்திரௌஸ்திரப் 1979 இல் தொடங்கிய அம்மொழி, 1983 இல் இப்பெயரைப் பெற்றது. ஜாவா, பைதன் ஆகிய மொழிகளில் இப்பணியை ஒற்றைப் புள்ளியே செய்கிறது.

இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு வகுப்பு இரண்டு தாய் வகுப்புகளிலிருந்து உரிமை பெறுகிறது. இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறது என்று கொள்வோம். அப்பெயரை அடைமொழியின்றி வழங்கினால், சீ பிளஸ் பிளஸ் தானாக ஒன்றைத் தெரிந்தெடுப்பதில்லை, "எது?" என்று கேட்பதுபோலப் பிழை காட்டி நின்றுவிடும். ஆனால் உள்ளே ஒரு பெயர், வெளியே அதே பெயர் என்றிருந்தால், பெரும்பாலும் கேளாமலே அண்மையில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். நாம் கருதியது வெளியே உள்ளதாயின், நிரல் பிழையின்றி ஓடும், விடையோ பிழையாகும். ஐயம் தோன்றும் இடத்தைவிட, ஐயமே தோன்றாத இடத்திலேதான் ஆபத்து மிகுதி.

அக்கடிதத்துக்கு நேர்ந்ததும் இதுவே. கொண்டு சென்றவருக்கு ஐயம் எழவில்லை. தமக்குத் தெரிந்த பெண்ணிடம் கொடுத்தார். அவர்மேல் குறை காண்பதற்கில்லை. உறையின் மேல் எல்லை எழுதப்படவில்லை.

அன்று முதல் எங்கள் மாணவர் நிரப்பும் விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் தந்தை பெயர், தோட்டம், பிரிவு, லயன் இலக்கம், காம்பிரா இலக்கம் ஆகிய அனைத்தையும் எழுதுவிக்கின்றேன். கணினி வகுப்பில் இரட்டை முக்காற்புள்ளியைக் கற்பிக்கும் ஆசிரியரும் இந்த உறையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறார். பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிவிடுகிறது.