தாது வருடப் பஞ்சமும் நினைவின் பொறுப்பும்



1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களையும் பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியையும் பீடித்த பெரும்பஞ்சத்தில் மடிந்தோர் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். 1871-இல் இருந்ததைவிட 1881-இல் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்திருந்ததை அரசின் குடிக்கணக்கே காட்டுகிறது. தமிழகம் கண்ட பேரழிவுகளில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. ஆயினும் அதற்கென ஊரறிந்த நினைவு நாள் இல்லை, பள்ளிப் பாடத்தில் அது சில வரிகளைத் தாண்டுவதும் அரிது.

ஒரு சமூகம் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதை நழுவவிடுகிறது என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ். 1925-இல் வெளிவந்த தமது நூலில் அவர் முன்வைத்த ‘கூட்டு நினைவு’ என்ற கருத்தின்படி, தனிமனிதரின் நினைவுகூடக் குடும்பம், சமயம், வர்க்கம் போன்ற குழுக்களின் துணையால்தான் நிலைக்கிறது. குழு சிதறினால் நினைவும் சிதறும். அவ்வாறாயின், ஒரு துயரம் நினைக்கப்படுவது அதன் அளவைப் பொறுத்ததன்று, அதைத் தாங்கிச் செல்ல எஞ்சியிருப்போர் யார் என்பதைப் பொறுத்ததே.

1876-இல் பருவமழைகள் பொய்த்தன என்பது உண்மை; ஆனால் மழை பொய்த்ததால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை. ரயில் வண்டிகள் தானியத்தை விலை மிகுந்த இடங்களுக்குக் கொண்டுசென்றன, இந்தியாவிலிருந்து கோதுமையும் அரிசியும் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன, வேலையிழந்த கூலிகளிடமும் நெசவாளர்களிடமும் வாங்கும் சக்தி அற்றுப்போனது. 1877 ஜனவரி முதல் நாளில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை டெல்லியில் நடத்திய வைஸ்ராய் லிட்டன், அதே மாதத்தில் நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைத் தெற்கே அனுப்பினார். 1873-74 பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தருவித்து மரணங்களைப் பெருமளவு தடுத்தவரும், அதற்காகவே ஊதாரி என்று பழிக்கப்பட்டவரும் இதே டெம்பிள்தான் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. இம்முறை அவர் விதித்த கூலி, கடும் உடலுழைப்புச் செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறிது காசும் மட்டுமே. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை உயிர்வாழப் போதாத அளவு என்று ஆதாரங்களுடன் எதிர்த்தார். எனவே, அன்றைய அறிவுக்கு எட்டாத பிழையாக இதைக் கருத இடமில்லை. எச்சரிக்கப்பட்ட பின்னரும் நடந்த கொடுமை இது.

இப்பஞ்சத்தின் நினைவு முற்றிலும் அழியவில்லை, தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்துபோனது. அரசு அதை விதிகளாக நினைவில் வைத்தது: பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை அளித்தது, அதன் வழியே பஞ்சக் காலத்தில் அதிகாரிகள் செய்யவேண்டியவற்றை வரையறுக்கும் பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. மக்களோ அதைத் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று கும்மிப் பாட்டிலும் பேச்சிலும் வைத்தனர். ஆனால் தமிழ் ஆண்டுகளின் அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது 1936-இல் மீண்டும் வந்தபோது, அப்பெயரைக் கேட்டு நடுங்கியிருக்கக்கூடிய தலைமுறை மெல்ல மறைந்துகொண்டிருந்தது; 1996-இல் வந்தபோது முற்றிலும் மறைந்திருந்தது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரை அது தாங்குகிறது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இம்மறதிக்குக் காரணங்கள் உண்டு. பட்டினி மெதுவாகக் கொல்வதால், போரைப்போலவோ படுகொலையைப்போலவோ குறித்துச் சொல்ல ஒரு நாளோ ஒரு களமோ அமைவதில்லை. மாண்டோரில் பெரும்பாலோர் நிலமற்ற உழைப்பாளர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர். எழுத்து அவர்கள் கையில் இல்லை. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்று பிழைத்தோரையும் கடனும் கங்காணியும் கட்டிப்போட்டன. பிழைத்தவர்களுக்கு வெட்கமும் இருந்தது: குழந்தையை விட்டு வந்ததையோ, தின்னத் தகாததைத் தின்றதையோ பேரனிடம் எவர் சொல்வார்? ஆயினும் இவற்றுள் எதுவும் கற்றவர்களின் மௌனத்தை நியாயப்படுத்தாது. ஆவணங்கள் இருந்தன, பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878-லேயே இரண்டு தொகுதிகள் எழுதியிருந்தார்.

அயர்லாந்தின் அனுபவம் இங்கே ஒப்புநோக்கத்தக்கது. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்கு நோயால் விளைந்த பஞ்சத்தில் அங்கு ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இறந்தனர், ஏறத்தாழ அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். அங்கும் நெடுங்காலம் வெட்கமும் மௌனமும் நிலவின. அதைக் கலைத்ததில் புலம்பெயர்ந்தோருக்குப் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பாராட்டத்தக்கது, 1935-இல் அமைக்கப்பட்ட அயர்லாந்து நாட்டாரியல் ஆணையத்தின் பணி. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000 மாணவர்கள் தம் ஊர் முதியவர்களிடம் கேட்டறிந்த வாய்மொழிச் செய்திகளைக் குறிப்பேடுகளில் எழுதினர். 1945-இல் பஞ்சம் பற்றியே தனி வினாத்தாள் அனுப்பப்பட்டது. ஆண்டுதோறும் நிகழும் தேசிய அளவிலான நினைவேந்தல் 2008-இல்தான் தொடங்கியது. ஆனால் அதற்குரிய சான்றுகளை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பள்ளிச் சிறுவர் திரட்டி வைத்திருந்தனர்.

தமிழில் பஞ்சத்தின் நினைவைக் காக்கும் பணியை நாவல்களே முதன்மையாகச் சுமந்தன. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’, ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ ஆகியவை தாது வருடத்தைப் புதிய வாசகர்களிடம் கொண்டுவந்தன. இலக்கியம் செய்தது பெரிது. எனினும் ஊர்வாரியான கணக்கையும் கஞ்சித்தொட்டிகள் இருந்த இடங்களின் பட்டியலையும் நாவலிடம் எதிர்பார்க்க இயலாது. அது பல்கலைக்கழகங்களின் கடமை.

இன்று இவ்வரங்கில் பட்டம் பெறுவோரில் ஆசிரியராகப் போகிறவர்கள் இருப்பர், மருத்துவர், பொறியாளர், ஆட்சிப்பணியாளர் ஆகப் போகிறவர்களும் இருப்பர். தாது வருடத்தைக் கண்டவர் எவரும் இன்று இல்லை. ஆனால் தனுஷ்கோடியை அழித்த 1964 புயலையும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையையும் கண்டவர்கள் நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் இன்னும் வாழ்கின்றனர். பட்டம் பெறும் ஒவ்வொருவரும் அத்தகைய ஒருவரையேனும் தேடிச் சென்று, அவர் சொல்வதை ஊர்ப்பெயருடனும் நாளுடனும் எழுதி, அவர் ஒப்புதலுடன் இப்பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்குமாறு இம்மன்றம் வேண்டுகிறது.