புத்தகசாலையும் புதிய கருவிகளும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் புத்தகசாலைப் பொறுப்பாளர் நிகழ்த்திய பிரசங்கம்)

  

சங்கத்துப் புத்தகசாலையைப் பார்த்துவரும் எம்மை இவ்விடத்தில் நாலு வார்த்தை பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். பிரசங்கம் செய்து பழக்கமில்லாத யாம், எமது அனுபவத்தையே சொல்லத் துணிகின்றோம்.

சில வருஷங்களுக்கு முன் சங்கம் கம்ப்யூட்டர் யந்திரம் ஒன்று வாங்கித் தந்தது. யாமோ அதைத் துணியால் மூடி வைத்து, பழைய அட்டைப் பெட்டியே போதும் என்றிருந்தோம். எமக்கிருந்தது வெறுப்பன்று, பயமே.

அக்காலத்தில் நம் குலத்து மாணவி ஒருத்தி, பெண் கல்விக்காக நம் முன்னோர் செய்த முயற்சிகளை ஆராய விரும்பி, சங்கத்தின் பழைய சஞ்சிகைகளைக் கேட்டு வந்தாள். யாம் பெட்டியைத் துழாவிவிட்டு, "இல்லை, அம்மா" என்று அனுப்பிவிட்டோம். ஆறு மாதம் கழித்து அலமாரியை நகர்த்தியபோது, அச்சஞ்சிகைக் கட்டு பின்புறத்தில் கிடந்தது. பாதியைக் கறையான் தின்றிருந்தது. அதற்குள் அப்பெண், நம் சமூகத்தின் முயற்சிக்குச் சான்று அகப்படவில்லை என்று எழுதித் தன் கட்டுரையைச் சமர்ப்பித்துவிட்டாள். பிழை அவளுடையதன்று, எம்முடையதே.

அன்றே துணியை நீக்கினோம். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்துச் சார்லட் நகரப் பொதுப் புத்தகசாலையில் ஹெலீன் பிளோவர்ஸ் என்னும் அம்மையார், ஊழியர்கள் இணையக் கருவிகளைத் தாமே பழகுவதற்காக 23 சிறு பாடங்களை வகுத்தார். பரீட்சை கிடையாது, முடித்தவர்க்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி பரிசாகக் கிடைத்தது. அம்முறை பல தேசங்களிலும் பரவிற்று. யாமும் அவ்வாறே வாரத்துக்கு ஒன்றாகப் பழகினோம். கற்பித்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். நரைத்த தலையைக் கண்டு அவர்கள் நகைக்கவில்லை.

அடுத்து, கோஹா என்னும் செயலியைக் கைக்கொண்டோம். அது 1999ஆம் ஆண்டில் நியூஸிலாந்தில் ஒரு புத்தகசாலைக்காக ஆக்கப்பட்டது. மாவோரி மொழியில் அப்பெயருக்கு நன்கொடை என்று பொருள். பெயருக்கேற்ப விலையின்றிக் கிடைக்கிறது.

இடையூறுகளும் உண்டு. முன்னர் வேறு எழுத்துருவில் தட்டி வைத்த ஜாபிதாவைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. அவ்வெழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தமிழெழுத்தைத் தத்தம் மனம்போல் அமைத்திருந்தமையே காரணம். யூனிகோடு முறையில் தமிழுக்கெனப் பொதுக் குறியெண்கள் இருத்தலால், எல்லாவற்றையும் அதில் மீண்டும் பதிந்தோம்.

மற்றொன்று. ஸ்ரீநிவாஸன், சீனிவாசன், சீநிவாசன் என ஒருவர் பெயரே மூவிதமாக அச்சாகியிருக்கும். மூவரும் ஒருவரே என்பது யந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. அறிந்தவன் இணைத்துவைக்க வேண்டும். அங்கேதான், எமது பழைய அறிவு வீணன்று என்று கண்டோம்.

சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பதும் ஒன்று. அதை மறந்ததே எமது குற்றம்.

இனி எமது வேண்டுகோள். உங்கள் பரண்களில் கிடக்கும் பழைய சஞ்சிகைகளையும் அழைப்பிதழ்களையும் எடைக்குப் போடாதீர்கள்; எம்மிடம் தாருங்கள். படம் பிடித்துப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். படம் பிடித்த பின்பும் மூலத்தை எறியலாகாது; பிரதிகளை ஈரிடங்களில் வைத்தலே பாதுகாப்பு. ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் கழியாத நூல்களை உரிமையாளர் சம்மதமின்றி இணையத்தில் வெளியிடோம். வாலிபர்கள் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உதவினால் போதும்.

கறையானுக்குத் தப்பிய பக்கங்கள் இப்போது படமாகப் பத்திரமாயிருக்கின்றன. அம்மாணவிக்கு மன்னிப்புக் கடிதத்துடன் அவற்றை அனுப்பியுள்ளோம். இனி எவரும் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பாதிருக்க வேண்டுமானால், அது எம் ஒருவரால் ஆகாது. உங்கள் அனைவராலுமே ஆகும்.