கதைமாந்தரின் மாற்றமும் குழந்தைகளும்



மாசி மாதத்துப் பூர நாளன்று திருவனந்தபுரத்துத் தெருக்களெல்லாம் பொங்கற் பானைகளால் நிறைந்துவிடும். ஆற்றுக்கால் பகவதியின் திருவிழா அது. விழா நாட்களில் அக்கோயிலில் தோற்றம்பாட்டு என்னும் மலையாளப் பாட்டுப் பாடப்பெறும். அது கண்ணகியின் கதையே. பாண்டியன் வதையைப் பாடி முடித்த பின்னரே பொங்கல் அடுப்பில் தீ மூட்டுவர். மதுரையை எரித்த கண்ணகி சேரநாட்டிற்கு வருங்கால் ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை.

ஆதலின், இந்நகரில் வளரும் தமிழ்க் குழந்தை இக்கதையை இருவகையாகக் கேட்க நேர்கிறது. வீட்டில் பாட்டி கூறும் சிலப்பதிகாரக் கதையில், பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணமே அரியணையினின்று வீழ்ந்து உயிர் துறக்கிறான். அண்டை வீட்டில் கேட்கும் கதையிலோ தேவியே அவனை வதைக்கிறாள். "இவற்றுள் எது மெய், பாட்டி?" என்று குழந்தை வினவினால், "பேசாமல் தூங்கு" என்று அடக்கிவிடுதல் எளிது. ஆனால், கதைமாந்தரின் குணமாற்றத்தைச் சிறுவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல வாய்ப்புக் கிடைப்பது அரிது.

தொடக்கப் பள்ளிச் சிறுவரிடம் "கண்ணகி எத்தகையவள்?" என்று கேட்டால் "நல்லவள்" என்பர். "பாண்டியன்?" என்றால் "கெட்டவன்" என்பர். அத்துடன் பாடம் முடிந்துவிடும். ஆகவே வினாவை மாற்றிக் கேட்க வேண்டும். முதலில் அவள் என்ன செய்தாள்? பின் என்ன நேர்ந்தது? அதன்பின் என்ன செய்தாள்? பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்துகொண்டால் போதும். புகார், மதுரை, வஞ்சி என்று காப்பியத்தை மூன்று காண்டங்களாக வகுத்த இளங்கோவடிகளே நமக்கு வழிகாட்டுகிறார்.

புகாரில், பொருளிழந்து திரும்பிய கணவனிடம் ஒரு சுடுசொல்லும் கூறாது, சிலம்பு இருக்கிறது, கொள்க என்கிறாள் கண்ணகி. மதுரையில் அவளே ஒற்றைச் சிலம்புடன் அரசவை புகுந்து வழக்குரைக்கிறாள். அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து, தன் சிலம்பிலுள்ளது மாணிக்கம் என்று மெய்ப்பிக்கிறாள். வஞ்சியில், செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்து எடுத்த கோயிலில் தெய்வமாக நிற்கிறாள். சிறுவர்க்குச் சொல்லுங்கால் கொலைக் காட்சியை விரிக்க வேண்டுவதில்லை.

இனி, "அடக்கமே உருவான பெண்ணுக்கு இத்துணைத் துணிவு எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். விடை முதற் கட்டத்திலேயே உண்டு. இரு பொய்கைகளில் நீராடிக் காமவேளை வணங்கினால் கணவன் மீள்வான் என்று தோழி தேவந்தி கூறியபோது, அது தனக்குப் பெருமையன்று என மறுத்தவள் கண்ணகி. அவ்வுறுதி அன்றே இருந்தது. துன்பம் அதனை வெளிக்கொணர்ந்தது. முன்பக்கத்தைப் புரட்டி இதனைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும் நேரமே உண்மையான பாடநேரம்.

பாண்டியனையும் இவ்வாறே ஆராயலாம். ஊடிய அரசியைத் தணிக்க விரைந்தபோது, பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏவியவன் அவன். காப்பியத்தில் தன்னையே கள்வன் என்று தீர்ப்பிட்டுக்கொள்கிறான். மாற்றம் உள்ளிருந்து வருகிறது. தோற்றம்பாட்டில் தண்டனை வெளியிலிருந்து வருகிறது. பொற்கொல்லனோ கடைசிவரை மாறுவதேயில்லை. எம்முடிவு பொருத்தமெனக் குழந்தை சொல்லட்டும். காரணத்தை மட்டும் கதையினின்று காட்டச் செய்யுங்கள்.

பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவர். படிப்பது வேறு மொழியில். இவ்வினாக்களுக்கு எம்மொழியில் விடை வரினும் ஏற்றுக்கொண்டு, நாணம், சினம், கழிவிரக்கம் முதலிய தமிழ்ச் சொற்களை நாம் எடுத்துத் தரலாம். இரவு உணவுக்குப்பின் கால்மணி நேரம் போதும்.

புதிய ஊரின் வகுப்பறையில் மொழி புரியாது வாய்மூடி அமர்ந்திருக்கும் பிள்ளையை "இவன் பேசாதவன்" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். புகாரில் கண்ணகியும் பேசாதவள்தான். அவள் மதுரைக்குச் சென்ற கதையை அறிந்த பிள்ளை, தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் அவ்வளவு விரைவில் முடிவுகட்டாது.