இயக்குமுன் எண்ணெய்



மசகு என்னுஞ் சொல்லை இக்காலத்து இளைஞர் எண்ணெய்ப் போத்தலின் மேற்சீட்டிலே மட்டும் கண்டிருப்பர். மாட்டுவண்டி ஓட்டிய நம் மூத்தோர்க்கோ அது கையிலே ஒட்டிய கரி. வைக்கோலைச் சுட்ட கரியை ஆமணக்கெண்ணெயிலே குழைத்து, சில்லைக் கழற்றி, அச்சிலே பூசிய பின்னரே அவர்கள் நெடும்பயணத்துக்கு வண்டி பூட்டினார்கள். வண்டி புறப்பட்ட பிறகு மசகிடலாம் என்று எவரும் கருதியதில்லை. அந்த ஒழுங்கு மாட்டுவண்டியை விட்டு உழவு இயந்திரத்துக்கு வந்தபோது எவ்வாறோ தளர்ந்துவிட்டது. அதனால் நேர்ந்த ஒரு நட்டத்தை நான் அருகிருந்து கண்டவன். ஆதலின், கலைப் பட்டதாரியாகிய நான் இயந்திரத்தைப் பற்றிப் பேசத் துணிந்ததை நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

பொல்கொல்லையிலே மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே எங்கள் உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, சுது கங்கையிலே கலக்கின்றது. 1976 ஆம் ஆண்டு முதல் அந்நீர் வடக்கேயுள்ள உலர் வலயத்து வயல்களுக்குச் செல்கின்றது. என் தமையனாரின் உழவு இயந்திரமும் பெரும்போகந்தோறும் அந்நீர் சென்ற திசையிலேயே தம்புள்ளைப் பக்கஞ் சென்று, கூலிக்கு உழுது திரும்பும். மூன்று சிலிண்டர் டீசல் எந்திரம் பூட்டிய பழைய மசி பெர்குசன் 135 அது. குடும்பத்தின் ஓராண்டுச் செலவிற் பெரும்பங்கை அந்த இரண்டு மாத உழவே ஈட்டித் தரும்.

2022 ஆம் ஆண்டு அதன் எந்திரத்தை முற்றாகப் பிரித்துப் புதுக்க வேண்டியதாயிற்று. ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிய காலம் அது. அண்ணியாரின் காப்புகள் அடகுக்குச் சென்றன. கிராங்குத் தண்டைக் கடைந்து, புதிய பெயரிங்குகளும் பிஸ்டன் வளையங்களும் இட்டுப் பூட்டினார்கள். ஒரு சிறு உறுப்புக் கிடைக்காமையால், பூட்டிய எந்திரம் ஐந்து கிழமை கொட்டிலிலே கிடந்தது. உறுப்பு வந்ததும், சோதிடர் குறித்த சுபவேளையிலே தேங்காய் உடைத்துத் திறப்பைத் திருப்பினார்கள். எந்திரம் உடனே முழங்கியது. கூடிநின்ற சிறுவர் கைதட்டினர். ஆனால் எண்ணெய் அமுக்கமானியின் முள் மட்டும் எழவில்லை. "மீற்றர் பழுதாக இருக்கும்" என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்லேன். அவ்வேளை எல்லாரும் நம்ப விரும்பியதையே அவர் சொன்னார். இரண்டு மூன்று நிமிடஞ் சென்றிருக்கும்; அடியிலிருந்து இரும்பை இரும்பு தட்டும் ஓசை எழுந்தது.

திரும்பப் பிரித்தபோது புதுப் பெயரிங்குகளின் மென்மையான மேற்பூச்சு உரிந்து கிடந்தது. கிராங்கிலே வெப்பத்தால் நீலம் பாரித்த தழும்புகள். மாத்தளையிலிருந்து அழைத்துவந்த முதிய பாஸ் ஒருவர் அதைத் தடவிப் பார்த்து, "பூட்டும்போது பூசின எண்ணெய் எல்லாம் இந்த ஐந்து கிழமையிலே வடிஞ்சு போச்சு, சேர். பம்பியும் காய்ஞ்சு போச்சு. அது எண்ணெயை இழுக்கேல்லை, காற்றைத்தான் இழுத்தது" என்றார்.

கிராங்குத் தண்டுக்கும் பெயரிங்குக்கும் இடையே உள்ள வெளி ஒரு தலைமயிரின் தடிப்பளவே. அவ்வெளியிலே எண்ணெய் இருந்தால், சுழலுந் தண்டு தானே அதை ஆப்பு வடிவான ஒடுக்கத்துள் இழுத்துச் சென்று, அதன்மேல் மிதந்து நிற்கும்; உலோகத்தை உலோகந் தீண்டாது. இவ்வுண்மை தற்செயலாக வெளிப்பட்ட கதை சுவையானது. 1883 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே பீச்சம் டவர் என்னும் பொறியியலாளர், புகைவண்டி அச்சுகளின் உராய்வை ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்கென்று பெயரிங்கின் உச்சியிலே ஒரு துளை இட்டார். அச்சுச் சுழன்றபோது எண்ணெய் அத்துளைவழியே உள்ளே போகவில்லை. மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர அடைப்பானுக்கும் அதே கதி. அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்துக்குச் சராசரி 100 இறாத்தல் சுமையைத் தாங்கிய அந்தப் பெயரிங்கிலே, எண்ணெயின் அமுக்கம் 200 இறாத்தலையும் தாண்டி நின்றது. 1886 ஆம் ஆண்டில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் அதற்குக் கணித விளக்கந் தந்தார். ஆனால், தண்டு இழுத்துச் செல்வதற்கு எண்ணெய் முதலிலே அங்கே இருக்க வேண்டுமே! கொட்டிலிலே குறைந்தது அதுதான்.

கிராங்கை மீண்டுங் கடைந்தார்கள். அதற்குக் கடன் பட்ட விதத்தை விட்டுவிடுகின்றேன். இம்முறையும் சுபவேளை கேட்கப்பட்டது. பாஸ் அதைத் தடுக்கவில்லை. "நல்ல நேரம் எந்திரம் முழங்கத்தானே? அதற்கு முன் மூன்று மணித்தியாலம் எனக்குத் தாருங்கோ" என்று மட்டுஞ் சொல்லி, விடியுமுன் வந்துவிட்டார்.

பூட்டும்போதே பம்பியின் வயிற்றை எண்ணெயால் நிரப்பியிருந்தார். அன்று காலை வடிகட்டியையும் நிரப்பி மாட்டினார். பின்னர், அமுக்கமானியின் குழாயைக் கழற்றி, அத்துளையிலே ஒரு கைத்தெளிகருவியின் குழாயைப் பொருத்தினார். மருந்து தெளித்த பழையதன்று. இதற்கென்றே வாங்கிய புதியது. எந்திரத்துக்குரிய எண்ணெயை அதிலே விட்டு, காற்றேற்றி, எண்ணெய்ப் பாதைகளினூடே செலுத்தினார். தமையனார் கிராங்கைக் கையாலே சிறிது சிறிதாகத் திருப்பினார். அவ்வாறு திருப்பினாலன்றித் துளைக்குத் துளை நேர்ப்படாது. எண்ணெய் மேலே வால்வுகள் வரை ஏறாது. மூடி கழற்றிய தலைப்பகுதியிலே எண்ணெய் கசிந்து வழிவதைக் கண்ட பின்னரே பாஸ் கையை எடுத்தார். சிலிண்டர்களுக்குள் எண்ணெயை ஊற்றலாமோ என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். எண்ணெய் அமுங்காப் பொருள். நிறைய விட்டால் பிஸ்டன் மேலேறும்போது தண்டு வளைந்துவிடுமாம். பூட்டும்போது சுவரிலே பூசிய மெல்லிய படலம் போதுமாம்.

மானியை மீண்டும் மாட்டி, எண்ணெயின் மட்டத்தைக் கோலிட்டுப் பார்த்தார். டீசலை நிறுத்தும் பிடியை இழுத்தே வைத்துக்கொண்டு, ஸ்டாட்டரால் மட்டும் எந்திரத்தைச் சுழற்றினார். பத்து வினாடி சுழற்றுவது, பின் ஸ்டாட்டர் ஆற விடுவது. முன்னைய பயம் நீங்காத அண்ணியார், "ஏன் இன்னும் பிடிக்கவில்லை?" என்று கலங்கினார். "இப்போது பிடிக்கக் கூடாது, அக்கா. அந்த முள்ளைப் பாருங்கோ" என்றார் பாஸ்.

மூன்றாம் முறை முள் நடுங்கி எழுந்து நின்றது. அதன் பின்னரே அவர் டீசற் குழாய்களிலே காற்று நீக்கி, பிடியை உள்ளே தள்ளினார். சுபவேளைக்கு இன்னுங் கால் மணித்தியாலம் இருந்தது. எல்லாரும் தேநீர் அருந்திக் காத்திருந்தோம்.