பாட்டுக்குப் பட்டா உண்டா?



பையில் ஒரு குறுந்தகடு கொண்டுவந்திருக்கிறேன். இதோ பாருங்கள். என் அப்பா எழுதிய ஊர் வரலாறு இதில் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், தெருமுனை டிடிபி கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி அடித்து வாங்கியது. போன மாதம் கணினியில் போட்டேன். கோப்பு திறந்தது; தமிழ் திறக்கவில்லை. ஒரே டாலர் குறியும் கேள்விக்குறியும். அந்நாளில் ஃபான்ட் விற்ற ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார். 'க'வுக்கு இவர் கொடுத்த எண் வேறு, அவர் கொடுத்த எண் வேறு. அப்பாவுக்கு வாய்த்த ஃபான்டை விற்றவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். எழுதியவர் அப்பா, காசு கொடுத்தவரும் அப்பா. சாவி மட்டும் எவர் இடுப்பிலோ போய்விட்டது.

மென்பொருள் சொத்தா என்று கேட்டு என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். நிலம் சொத்து, சரி. வரப்பை நீங்கள் ஓரடி தள்ளிப் போட்டால் எனக்கு ஓரடி குறையும். என் சைக்கிளை எடுத்துப்போனால் நான் நடக்க வேண்டும். என் நிரலைப் படியெடுத்தால் என்னிடம் எது குறைகிறது? வரவேண்டிய காசு குறையலாம். அது கூலிக் கணக்கு, தாராளமாகப் பேசுவோம். ஆனால் 'திருட்டு விசிடி' என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. வழக்கு தொடங்குமுன்பே அந்தச் சொல் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இலக்கிய அன்பர்களுக்கு ஒரு வேடிக்கை. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு! உங்கள் கவிதையும் வங்கியின் மென்பொருளும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு வரை பூட்டு. கவிதை தாங்கும். பத்து ஆண்டில் செத்துப்போகும் நிரலுக்கு எதற்கு ஐயா அவ்வளவு நீளக் காவல்?

தமிழர்கள் இந்த வழக்கை ஒருமுறை நடத்தி முடித்தவர்கள். பாரதி 1921இல் போனார். அவர் பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை கைமாறிக் கைமாறி ஏவி.எம். நிறுவனத்திடம் வந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். சட்டத்தை நாடியது. சட்டப்படி அதில் தவறே இல்லை. ஆனால் ஊர் கேட்டது: பாரதிக்கு யார் பட்டா போடுவது? 1949இல் சென்னை அரசு உரிமைகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. ஏவி.எம். அதிபர் மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு பாடல்கள் பொதுவாயின. இன்று எந்தப் பதிப்பகமும் பாரதியை அச்சிடலாம், எவரும் பாடலாம்.

அப்படியானால் நிரல் எழுதும் பிள்ளை எதைச் சாப்பிடுவான்? நியாயமான கேள்வி. நாட்டுடைமையில் வாரிசுக்குத் தொகை போகிறது, நூல் எல்லோருக்கும் வருகிறது. கூலியும் பூட்டும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு என்னும் மென்பொருள் திட்டத்தை அறிவித்தபோது, மென்பொருளுக்குக் காசு வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. மூல நிரலைக் காட்டு, திருத்தவிடு, பகிரவிடு என்றார். அதற்கு வித்து ஓர் அச்சு எந்திரம். தாள் சிக்கினால் தகவல் சொல்லும்படி அதன் நிரலைத் திருத்த நினைத்தார். மூலத்தைத் தர மறுத்துவிட்டார்கள். சிக்கிய தாள் அங்கே, சிக்கிய தமிழ் இங்கே.

நான் கேட்பது ஒன்றுதான். அரசு நம் வரிப்பணத்தில் எழுதி வாங்கும் மென்பொருளின் மூல நிரல் நமக்குத் திறந்திருக்க வேண்டும். மற்றவர்கள் கடையில் அவரவர் விலை. அதில் நான் தலையிடவில்லை.

தலைவர் மணியைத் தொடுகிறார். கூட்டத்தில் பழைய ஃபான்டை யூனிகோடுக்கு மாற்றத் தெரிந்த தம்பி, தங்கச்சி யாராவது இருந்தால், வெளியே தேநீர் மேசைப் பக்கம் நிற்பேன். குறுந்தகட்டோடு.