கடன்பட்டோரும் மஞ்சள் கடுதாசியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. நாமோ கடனைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். படிப்பை இடையில் நிறுத்திவிட்ட பிள்ளையின் வீட்டுக்குச் சென்று விசாரித்தால், "தண்டல்காரர் தொல்லை தாங்காமல் வீட்டை மாற்றிவிட்டோம்" என்னும் மறுமொழி கிடைப்பதுண்டு. ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சேயாகும்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் மக்கள் உழைக்காத தொழில் இல்லை. துறைமுகத்திலே சுமை தூக்கினோம். ஆலைகளிலே இயந்திரம் ஓட்டினோம். பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. நிலையான வேலை குறைந்து ஒப்பந்தக் கூலி பெருகிய இடத்திலெல்லாம் கடன் நுழைந்தது. மருத்துவச் செலவு, திருமணம், இழவு, பள்ளிக் கட்டணம் ஆகிய இவற்றுக்காக வாங்கிய கடனை ஊதாரித்தனம் என்று எவரும் இகழ்தல் தகாது.

தண்டல் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் என்று எழுதி, முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு, கையில் 8,500 தருகிறார்கள் என வைத்துக்கொள்வோம். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே!" என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைவதால், சராசரியாக நம்மிடம் நிற்பது அந்த 8,500இல் ஏறத்தாழப் பாதிதான். அந்தப் பாதித் தொகைக்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால், ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு நூற்றிருபதையும் தாண்டுகிறது. கணக்குப் பாடம் படிக்கும் தம்பிகள் இதனை வீட்டிலே போட்டுக் காட்டட்டும்.

இனி, மஞ்சள் கடுதாசிக்கு வருவோம். நம் தெருக்களில் அது வசைச்சொல். "அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்" என்றால் பெண் கொடுக்கவும் தயங்குவர். ஆனால் இந்த நகரின் பெருந் திவால் எளியோருடையதன்று. கடற்கரைச் சாலையில் கொடிகட்டிப் பறந்த அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் நொடித்து விழுந்தது. அதனை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தவித்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். அந்த வீழ்ச்சியின் எதிரொலியாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. சீமான்கள் நொடித்தால் அது வரலாறு, கூலியாள் நொடித்தால் அது மானக்கேடு என்னும் வழக்கை நாம் ஏற்க வேண்டுவதில்லை.

அதன்பின் மூன்றாண்டில், சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கென 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர நொடிப்புச் சட்டம் வந்தது. பிற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இராயபுரத்தார்க்கு உயர் நீதிமன்றமே நொடிப்பு நீதிமன்றம். திருவொற்றியூரும் எண்ணூரும் நெடுங்காலம் சென்னை மாவட்டத்துக்குப் புறம்பே இருந்தவை. மாவட்ட எல்லை விரிந்தது 2018இல்தான். ஆயினும் வீடு எங்கிருந்தாலும், பழைய நகர எல்லைக்குள் உழைத்துப் பிழைப்பவரும் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரக்கூடும்.

கடனைத் தீர்க்க இயலாத நிலையில், கடன் ஐந்நூறு ரூபாயை எட்டினாலே மனுச் செய்யலாம். நீதிமன்றம் அவரை நொடித்தவர் என அறிவித்ததும், அவர் சொத்து 'அபிஷியல் அசைனி' எனப்படும் அலுவலர் வசம் சேரும். அவர் அதனை விற்றுக் கடன்காரர்களுக்குப் பகிர்ந்தளிப்பார். அதன்பின் கடன்காரர் எவரும் நீதிமன்ற அனுமதியின்றித் தனியே வழக்குத் தொடுத்தல் இயலாது. கைதாகாமல் காக்கும் ஆணையும் கேட்டுப் பெறலாம். இறுதியில் விடுவிப்பு ஆணை கிடைத்தால் பழைய கடன்கள் பெரும்பாலும் நீங்கும். தொழிற்கருவி, உடை, படுக்கை, சமையற் பாத்திரம் ஆகியவற்றில் முந்நூறு ரூபாய் மதிப்பு வரையில் எவரும் தொட முடியாது. ஆம், முந்நூறு ரூபாய்தான்! 1909இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. இன்று ஒரு தச்சரின் கருவிப் பெட்டிக்கே அது போதாது.

வருங்கால வைப்பு நிதிக்கு மட்டும் இக்கவலை இல்லை. அதன்மீது கடன்காரருக்கும் உரிமையில்லை, அபிஷியல் அசைனிக்கும் உரிமையில்லை.

எனினும் இவ்வழியில் இறங்குமுன் சிலவற்றை ஆய்ந்தறிதல் வேண்டும். அரசுக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் வந்த கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்பால் நீங்கா. நகையையோ வீட்டையோ ஈடாகப் பெற்றவரின் உரிமையும் கெடாது. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. கடன்பட்டவர் விடுபட்டாலும், அவருக்காக ஜாமீன் கையெழுத்திட்டவர் விடுபடுவதில்லை. ஒரே தெருவில் ஒருவர்க்கொருவர் கையெழுத்திடும் நம் மக்களிடையே, ஒருவரின் மனு மற்றொருவர் வாசலுக்குக் கடனைத் தள்ளிவிடக்கூடும். ஆகவே ஜாமீன்தாரருடன் கலந்து பேசாமல் எவரும் மனுச் செய்தலாகாது. மனுவுக்குமுன் வீட்டை மைத்துனன் பேருக்கு எழுதி வைத்தால், அதனை நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளக்கூடும். விடுவிப்புப் பெறுமுன், தம் நிலையை மறைத்து ஐம்பது ரூபாய் கடன் வாங்குதலும் தண்டனைக்குரிய குற்றம்.

வெளிப்படையாகச் சொன்னால், புரோநோட்டில் கையெழுத்திட்டு வழக்கில் சிக்கிய சிறு கடைக்காரர்க்கும், உபஒப்பந்தம் எடுத்து நொடித்தவர்க்கும் மஞ்சள் கடுதாசி பயன் தரும். நீதிமன்றம் ஏறவே துணியாத தண்டல்காரரிடம் மாட்டிய கூலித் தொழிலாளிக்கு அது ஏற்ற மருந்தன்று. அவருக்குரியது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் பெயர்களையே அது குறிப்பிட்டுத் தடுத்து, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. கடன் வசூலில் மிரட்டுதலைத் தடுக்க 2025இலும் ஒரு சட்டம் வந்துள்ளது.

ஏழையரின் சிறு கடனை எளிதில் தள்ளுபடி செய்யும் 'புதுத் தொடக்க' முறை ஒன்று 2016ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத் தொகுப்பில் எழுதப்பட்டுள்ளது. ஆண்டு வருமானம் 60,000க்கும், கடன் 35,000க்கும் மேற்படாத, சொந்த வீடில்லாதவர்க்கென அமைந்தது அது. நமக்கென்றே எழுதியது போலிருக்கிறது! ஆனால் அப்பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனியாட்களுக்கு மட்டும் தொகுப்பின் தனியாள் நொடிப்பு விதிகள் 2019 டிசம்பரில் திறக்கப்பட்டன. பெருநிறுவனங்களுக்கு உடனே கிடைத்த வாசல் நமக்கு ஏன் அடைத்தே கிடக்கிறது என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்பது நம் இளைஞர் கடமை.

"சிறையில் தள்ளிவிடுவேன்" என்னும் மிரட்டலுக்கு அஞ்சி உயிரையே மாய்த்துக்கொள்வோர் உண்டு. பணம் இல்லாமையால் மட்டும், தீய நோக்கமின்றிக் கடன் கட்டத் தவறியவரைச் சிறையிலடைத்தல் தகாதென்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. பணக்கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே சட்டம் இடந்தரவில்லை. கூலியாளின் கூலியையும் வீட்டு வேலை செய்வோரின் சம்பளத்தையும் ஜப்தி செய்ய இயலாது.

தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கும் மகளிர்க்கும், வருமானம் எதுவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்குரிய குழு இருக்கிறது. செல்லும்போது சாதிச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். யாரிடம் எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கியது என்னும் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெற்றுப் புரோநோட்டிலோ காசோலையிலோ கையெழுத்திட்டிருந்தாலும், ஏ.டி.எம். அட்டையை அவர்களிடம் கொடுத்திருந்தாலும், வெட்கப்படாமல் அதனையும் சொல்லுங்கள். தண்டல் அட்டை முடிந்துவிட்டதென்று கிழித்தெறிய வேண்டாம். நாள்தோறும் கட்டிய பணத்துக்கு அதுவே சாட்சி.