எது மரியாதை?

(வடசேரியில் நிகழ்த்திய உரை)



‘மட்டு மரியாதை இல்லாத காலமாகிவிட்டது’ என்று பெரியவர்கள் பலர் குறைப்படுகிறார்கள். மரியாதை வேண்டும் என்பதில் அவர்களோடு நமக்குச் சண்டையே இல்லை. ஆனால் எது மரியாதை? அதைத்தான் கேட்கிறோம்.

நாம் நிற்கும் இந்த மண்ணின் கதையைப் பாருங்கள். தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மேலாடையின்றி நிற்பதுதான் மரியாதை என்றார்கள். மார்பை மறைத்தால் மேல்சாதிக்கு அவமரியாதையாம்! 1829-ல் சர்க்காரே தோள்சீலைக்குத் தடை போட்டது. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் உடையைக் கிழித்தார்கள். பெண்கள் பணிந்தார்களா? இல்லை! 1859 ஜூலை 26-ல் சர்க்கார் இறங்கி வந்தது. அப்போதும், ‘மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது’ என்று ஒரு முடிச்சுப் போட்டுத்தான் உரிமை கொடுத்தது.

ஒடுக்கப்பட்டவன் தலைப்பாகை கட்டினால் திமிர் என்றார்கள். வைகுண்டசாமியோ, தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபடச் சொன்னார். சாமித்தோப்பில் இன்றும் ஆண்கள் அப்படித்தான் வழிபடுகிறார்கள். சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே 1926-ல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது.

ஆக, ஒருவன் குனிவதற்குத்தான் அவர்கள் மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மரியாதை போனதற்கு நாம் அழப்போவதில்லை.

ஆனால் தோழர்களே, நம்மையும் நாமே கேட்டுக்கொள்வோம். விடியுமுன் வடசேரி பஸ் நிலையத்தைப் பெருக்கும் தாயை, பேரன் வயதுப் பையன் ‘ஏய், இங்க வா’ என்கிறான். அதே பையன் காரில் வந்து இறங்குகிறவரை ‘சார், வாங்க’ என்கிறான். இது வயதுக்கான மரியாதையா, காருக்கான மரியாதையா? நாமும் மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்தால், பழைய சர்க்கார் போட்ட முடிச்சை நம் அடுக்களையில் நாமே போடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

வலியவனுக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும். பயம் வாங்கிக் கொடுக்கும். கேட்டு வாங்க முடியாதவருக்கு நாம் கொடுக்கிறோமே, அதுதான் மரியாதை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், முதலில் அந்தத் தனி டம்ளரை எடுத்துவிடுங்கள். மற்றதை நாளைக்குப் பேசலாம்.